போதனையிலிருந்து போதகரைப் பிரித்தெடுக்க முடியுமா?

இயேசு நல்ல போதகர், உயர்ந்த மனிதர். அதோடு நிறுத்திக்கொள்ளலாமே, எதற்காக அவரைக் கடவுளாக்க வேண்டும்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் யாரும் இயேசுவைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இல்லை. அவர்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். மலைப்பிரசங்கத்தை வாசித்திருப்பார்கள். நல்ல சமாரியன் கதை தெரிந்திருக்கும். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைச் சுற்றிக் கல்லோடு நின்றவர்களை அவர் ஒரே வார்த்தையில் கலைந்துபோகச் செய்த இடத்தில் மனம் நெகிழ்ந்திருப்பார்கள். மனிதனுக்கு அறம் சொல்ல வந்தவரை, அந்த அறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்களே என்பதுதான் அவர்களுடைய வருத்தம். அதில் நியாயம் இருக்கிறது. நான் அவரை ஆண்டவர் என்று அழைத்து ஜெபிக்கிறவன். ஆனாலும் இதை வெளியாட்களின் கேள்வி என்று தள்ளிவைக்க என்னால் முடியவில்லை. விசுவாசத்துக்கு உள்ளே இருந்தும் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி பழையது. கல்கத்தாவில் 1820-ல் ராஜா ராம்மோகன் ராய் நான்கு சுவிசேஷங்களிலிருந்து இயேசுவின் போதனைகளை மட்டும் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். அற்புதங்களையும் கோட்பாட்டுச் சண்டைக்கு இடம் தரும் பகுதிகளையும் விட்டுவிட்டார். இந்தப் போதனைகள் போதும், மனிதனை நல்வழிப்படுத்த இவையே வல்லவை என்பது அவருடைய எண்ணம். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் அதை மறுத்து எழுத, ராய் பதில் எழுத, வாதம் சில ஆண்டுகள் ஓடியது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்காவில், ஜனாதிபதி பதவியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த தாமஸ் ஜெபர்சன், சுவிசேஷப் பக்கங்களைக் கத்தியால் வெட்டி, தனக்கு ஏற்புடைய பகுதிகளை மட்டும் ஒட்டி, தன் சொந்த வாசிப்புக்கு ஒரு புத்தகம் செய்து முடித்தார். கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைத்துவிட்டு எல்லாரும் போவதோடு அது முடிந்துவிடுகிறது. பிற்பாடு காந்தி, மலைப்பிரசங்கம் நேரே தன் இதயத்துக்குள் இறங்கியது என்று எழுதினார். இயேசுவைத் தியாகத்தின் உருவமாகவும் தெய்வீகமான ஆசானாகவும் அவரால் ஏற்க முடிந்தது. பிறந்தவர்களிலெல்லாம் முழுமையானவர் என்று ஏற்க முடியவில்லை. வெளிப்படையாகச் சொன்னார்.

மூவருமே நேர்மையானவர்கள் என்றுதான் நினைக்கிறேன். மூவரும் இயேசுவை நேசித்தார்கள். எனக்குச் சந்தேகம் அவர்கள் செய்ய நினைத்த காரியத்தைப் பற்றித்தான். போதனையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா?

இதைப் பேசுமுன் கிறிஸ்தவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதத்தை நான் கைவிட வேண்டியிருக்கிறது. "இயேசு சொன்ன அறம் அவ்வளவு உயர்ந்தது, மனிதனால் அப்படிச் சொல்ல முடியாது, ஆகவே அவர் கடவுள்." பிரசங்கங்களில் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் தமிழில் வளர்ந்த ஒருவர் இதைச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்று வள்ளுவர் சொல்லவில்லையா? "தன்னுயிர்க்கு இன்னாமை தானறிவான் என்கொலோ மன்னுயிர்க்கு இன்னா செயல்" என்று கேட்கவில்லையா? இயேசுவுக்குச் சற்று முன்னால் வாழ்ந்த யூத ஆசான் ஹில்லேலைப் பற்றி யூதர்களின் மரபு நூலான தல்மூத் ஒரு சம்பவம் சொல்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் வேதம் முழுவதையும் கற்றுத்தரச் சொன்னான் ஒருவன். உனக்கு வெறுப்பானதை அடுத்தவனுக்குச் செய்யாதே, வேதம் முழுவதும் அவ்வளவுதான், மற்றதெல்லாம் விளக்கம், போய்ப் படி என்றாராம் ஹில்லேல். அறம் என்ற அளவில் இயேசு சொன்னவற்றில் பெரும்பகுதிக்கு உலகத்தில் துணை உண்டு. அதை ஒப்புக்கொள்வதால் என் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. மனச்சாட்சியைத் தந்தவர் ஒருவரே என்று நம்புகிறவனுக்கு அது சந்தோஷமான செய்திதான்.

ஆனால் வள்ளுவரைப் பற்றி இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவருடைய வாழ்க்கை பற்றி நமக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. எங்கே பிறந்தார், என்ன தொழில் செய்தார், எந்தச் சமயம், எல்லாமே வழக்கிலுள்ள கதைகளும் ஊகங்களும். அதனால் குறளுக்கு ஒரு குறையும் வரவில்லை. சொன்னவர் விலகி நிற்கிறார், சொன்னது தானாக நிற்கிறது. அறநூலின் அழகே அதுதான். புத்தரும் தம் கடைசி நாட்களில் சீடர்களைத் தம்மத்தையே புகலிடமாகக் கொள்ளச் சொன்னார். தம் உடல் போனபின் தம் போதனையே ஆசானாக இருக்கட்டும் என்றார். நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் அப்படித்தான். மாணவனின் கண்ணைத் தங்களிடமிருந்து திருப்பி உண்மையின் பக்கம் பார்க்க வைப்பார்கள்.

இயேசுவிடம் அதைச் செய்து பாருங்கள். வராது.

அற்புதங்களை எல்லாம் எடுத்துவிடுவோம், உயிர்த்தெழுதலையும் எடுத்துவிடுவோம். மலைப்பிரசங்கம் மிஞ்சும். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு 5, 6, 7 அதிகாரங்கள். "கொலை செய்யாதிருப்பாயாக என்பது பூர்வத்தாருக்கு உரைக்கப்பட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பிக்கிறார். அந்தக் கட்டளை சீனாய் மலையில் கடவுள் கொடுத்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு யூதனுக்கும் அது தெரியும். அடுத்து, "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்கிறார். ஏசாயாவோ எரேமியாவோ அந்த இடத்தில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றிருப்பார்கள். யூத வேதத்தைக் கற்பிக்கும் வேதபாரகராக இருந்தால் முந்தைய ஆசான்களின் கருத்தை மேற்கோள் காட்டியிருப்பார். இவர் இரண்டையும் செய்யவில்லை. கடைசி அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாள் வருகிறது. அன்றைக்கு ஜனங்கள் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று அழைப்பது யாரை? "என்னை நோக்கி" என்கிறார். பிறகு கன்மலையின்மேல் கட்டிய வீடு. கன்மலை எது? "நான் சொல்லிய இந்த வார்த்தைகள்." பிரசங்கம் முடிந்ததும் ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். ஏன்? போதனை இனிமையாக இருந்தது என்பதற்காக என்று அவர் சொல்லவில்லை. அவர் அதிகாரமுடையவராய்ப் போதித்தார் என்பதற்காக. அறத்தின் சிகரம் என்று எல்லாரும் கொண்டாடும் பகுதிக்குள்ளேயே இவ்வளவும் இருக்கிறது. கத்தி வைத்திருப்பவர் இதையும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நகூமில், நான்கு பேர் கைகால் முடங்கிய ஒரு திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்கிறார் இயேசு. அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்களை வில்லன்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி: "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்?" என்னிடம் கடன் வாங்கியவரை நான் விட்டுவிடலாம், உங்களிடம் கடன் வாங்கியவரிடம் போய், உன் கடன் தீர்ந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அந்த மனிதன் இயேசுவுக்கு என்ன தீங்கு செய்தான்? அன்றைக்குத்தான் கூரை வழியாக முன்னால் வந்து இறங்கியிருக்கிறான். அவனுடைய பாவங்கள் எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்டது தாம்தான் என்பதுபோல இயேசு பேசுகிறார். அறிவுரையோடு நிற்கிற ஒரு போதகர் இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் நல்ல போதகர்கூட இல்லை.

இங்கே ஒரு எதிர்ப்பு வரும், வர வேண்டும். "ஏன் என்னை நல்லவன் என்கிறாய் என்று இயேசுவே கேட்டிருக்கிறாரே?" மாற்கு 10. ஒருவன் ஓடிவந்து முழங்கால்படியிட்டு "நல்ல போதகரே" என்று கூப்பிடுகிறான். "நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே" என்கிறார் இயேசு. தாம் கடவுள் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்ட இடம் இது என்பார்கள். நெடுநாள் இந்த வசனத்தை வேகமாகக் கடந்துபோகத்தான் எனக்கும் தோன்றும். இப்போது சுவிசேஷங்களில் நான் அதிக நேரம் நின்று வாசிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். கட்டளைகளை அறிந்திருக்கிறாயே என்று சொல்லி வரிசையாகச் சொல்கிறார்: விபசாரம் செய்யாதே, கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, வஞ்சனை செய்யாதே, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு. எல்லாம் மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமைகள். பத்துக் கட்டளைகளின் முதல் பாதி, என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் வேண்டாம் என்று தொடங்கும் கடவுளைப் பற்றிய பாதி, அந்த வரிசையில் இல்லை. அவன் சிறுவயது முதல் இவற்றையெல்லாம் கைக்கொண்டிருக்கிறேன் என்கிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார், அவன் பொய் சொன்னதாக எழுதவில்லை. அறத்தில் தேறிய மனிதன்தான் அவன். "உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு" என்கிறார். உனக்கு உண்டானதை எல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு, பிறகு "என்னைப் பின்பற்றிவா." விடுபட்டுப்போன அந்த முதல் பாதி இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்பது இந்த "என்னை." அவன் சொத்தை விட்டுக் கடவுளிடம் திரும்ப வேண்டும், திரும்ப வேண்டிய திசையாக இயேசு தம்மையே காட்டுகிறார். இப்படிப் பார்த்தால் முதலில் கேட்ட கேள்வியின் தொனியே மாறிவிடுகிறது. "நல்லவன்" என்ற வார்த்தையை மரியாதைக்காக என்மேல் போடாதே, அதன் முழு அர்த்தம் தெரிந்து சொல்கிறாயா என்று கேட்கிறார். நல்ல போதகர் என்ற பட்டம் அவருக்கு முன்னால் வைக்கப்பட்டபோது, அவர் அதை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் ராத்திரியில் வந்து "நீர் தேவனிடத்திலிருந்து வந்த போதகர்" என்று சொன்னபோதும் இதேதான். அந்தப் பாராட்டைத் தொடவே இல்லை, நீ மறுபடியும் பிறக்க வேண்டும் என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மும்முனை வாதம் வரும். இப்படிப் பேசியவர் பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும், அல்லது சொன்னபடியே கடவுளாக இருக்க வேண்டும் என்று. அதில் பலம் உண்டு. ஆனால் யாரையும் மூலைக்குத் தள்ளி விசுவாசிக்க வைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. நான்காவது வழி ஒன்றும் இருக்கிறதே. அவர் அப்படிப் பேசவே இல்லை, பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னார்கள் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான சந்தேகம்தான். அதற்கு எனக்குத் தெரிந்த பதில் காலக்கணக்கு. இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33 வாக்கில். அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதிய கடிதம் அதிலிருந்து ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குள். சுவிசேஷங்களில் பெரும்பாலானவற்றைவிட முந்தியது. அதில் இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும் என்று எழுதுகிறார். அது ஏசாயா 45-ல் கர்த்தர் தம்மைப் பற்றி, தமக்கு மட்டும் என்று சொன்ன வார்த்தை. எழுதியவர் யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயர் பிரிவைச் சேர்ந்தவர். கர்த்தர் ஒருவரே என்று தினமும் அறிக்கையிட்டு வளர்ந்தவர். சீசரைத் தெய்வமாக்கிய ரோமர்களுக்கு ஒரு மனிதனை வணங்குவது சுலபமாக இருந்திருக்கலாம். இந்த யூதர்களுக்கு உலகத்திலேயே கடினமான காரியம் அது. மெல்ல மெல்ல வளர்ந்த புராணம் என்றால் அது வளரக் கூடாத மண்ணில், வளர நேரமே இல்லாமல் வளர்ந்திருக்கிறது.

இன்னொரு சாட்சி எனக்கு இதைவிடப் பிடிக்கும். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்களை விசாரித்ததில் தெரிந்ததைச் சொல்கிறார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்களாம். கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொண்டு பாட்டுப் பாடுகிறார்களாம். அப்புறம் சத்தியம் செய்துகொள்கிறார்களாம், திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்ததைக் கேட்கும்போது இல்லையென்று சொல்ல மாட்டோம் என்று. எழுதியவருக்கு இவர்கள்மேல் அனுதாபம் கிடையாது, மூடநம்பிக்கை என்றுதான் எழுதுகிறார். ஆனால் வணக்கமும் அறமும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த மனிதர்களுக்கு இரண்டும் தனித்தனியாக இருந்ததாகத் தெரியவில்லை.

"சரி, அவர் கடவுள் என்றால் அவருடைய நல்வாழ்வு எனக்கு எப்படி முன்மாதிரி ஆகும்? கடவுளுக்கு நல்லவராக இருப்பது கஷ்டமா?" இதை ஒரு நண்பர் கேட்டார். எதிர்க்கேள்விகளில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது இதுதான். திருச்சபை இதைத் தட்டிக்கழிக்கவில்லை, இதற்காக உயிரே கொடுத்திருக்கிறது. கிறிஸ்து முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதன் என்று திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்செதோன் சங்கம் 451-ல் அறிக்கையிட்டது. அதற்குப் பிறகும், கிறிஸ்துவுக்கு இருந்தது ஒரே சித்தம்தான், அது தெய்வச் சித்தம் என்று சொல்லி, அந்த அறிக்கையை ஏற்காதவர்களோடு உண்டான பிளவை ஒட்டவைக்க ஏழாம் நூற்றாண்டில் பேரரசர்கள் முயன்றார்கள். மாக்சிமுஸ் என்ற வயதான துறவி ஒத்துக்கொள்ளவில்லை. பிடிபடும் முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கெஞ்சியது யாருடைய சித்தம் என்பதே விஷயம். அது மனிதச் சித்தம், பயந்த சித்தம், பயந்தும் பிதாவுக்கு இணங்கிய சித்தம். அது இல்லையென்றால் அங்கே நடந்தது வெறும் நடிப்பாகிவிடும். 662-ல் மாக்சிமுஸின் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள், அதே ஆண்டில் இறந்துபோனார். 680-81-ல் கூடிய சங்கம் அவர் பக்கமே நின்றது. தத்துவ நுணுக்கம் என்று பலர் ஒதுக்கிவிடும் சண்டை இது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் உண்மையிலேயே நம்மைப் போலச் சோதிக்கப்பட்டாரா என்ற கேள்விக்காக ஒருவர் தன் நாக்கை இழந்திருக்கிறார்.

என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எனக்குப் பெரிய அநியாயம் செய்தார். விவரம் வேண்டாம். அவரை மன்னிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்லித்தர ஆசிரியர் தேவைப்படவில்லை. குறளும் தெரியும், மத்தேயு 6-ம் தெரியும். "மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால், உங்கள் பிதா உங்கள் தப்பிதங்களையும் மன்னியாதிருப்பார்." இயேசுவைப் போதகராக மட்டும் வைத்து அந்த வசனத்தை வாசித்தால், நான் படித்ததிலேயே கொடிய வசனம் அதுதான். முடியாததைச் செய்யச் சொல்லி, செய்யாவிட்டால் உனக்கு வழியில்லை என்கிறது. மலைப்பிரசங்கம் முழுவதுமே அப்படித்தான். கோபமே கொலை, பார்வையே விபசாரம், சத்துருவை நேசி, உங்கள் பிதா பூரண சற்குணராயிருப்பதுபோல நீங்களும் இருங்கள். இதை மென்மையான போதனை என்று புகழ்கிறவர்கள் ஒருமுறை கைக்கொள்ள முயன்று பார்க்கட்டும். தோற்றுப்போனவனுக்குப் போதகர் என்ன சொல்ல முடியும்? மறுபடி முயற்சி செய் என்று சொல்லலாம். வேறு ஒன்றும் அவர் கையில் இல்லை.

அந்தத் திமிர்வாதக்காரனிடம் சொன்ன வார்த்தையைச் சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் அதே பிரசங்கத்தைச் செய்கிறார் என்று தெரியும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கேட்கிறவரே தருகிறவர். என்னை மன்னிக்கச் சொன்னவர் தம்மை ஆணியடித்தவர்களை மன்னித்தவர், என்னையும் மன்னித்தவர். அதன்பின் ஒரேநாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்க முடிந்தது. எனக்குத் தேவைப்பட்டதாலேயே இது உண்மை என்று ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும். இந்தப் போதனைக்குள்ளேயே இந்தத் தேவை இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். போதகரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான அறம் இல்லை, யாராலும் தூக்க முடியாத சுமை.

இவ்வளவும் சொன்னபிறகு, முதலில் சொன்ன அந்த வருத்தத்துக்கு நான் திரும்ப வேண்டும், ஏனென்றால் அது இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையாக எழுந்து நின்று அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். கன்னி மரியாளிடத்தில் பிறந்தார் என்கிறோம், அடுத்த மூச்சில் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்கிறோம். நடுவில் ஒரு வார்த்தை இல்லை. மலைப்பிரசங்கம் இல்லை, உவமைகள் இல்லை, கால் கழுவியது இல்லை. பிரமாணம் தவறு என்று சொல்ல வரவில்லை, அது வேறு தேவைக்காக எழுந்தது. ஆனால் அந்த இடைவெளியில் வசதியாகக் குடியிருக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. ஜெபர்சன் கத்தியால் வெட்டியதை நாம் கத்தியில்லாமலே செய்கிறோம், மறுபக்கத்தை வெட்டுகிறோம். அவர் கடவுள் என்று சொல்லிவிட்டால் சத்துருவை நேசிக்க வேண்டாம், சொத்தை விற்க வேண்டாம், கடைசி இடத்தில் உட்கார வேண்டாம் என்பதுபோல. "என்னை ஆண்டவரே! ஆண்டவரே! என்று நீங்கள் சொல்லியும், நான் சொல்லுகிறபடி நீங்கள் செய்யாமற்போகிறதென்ன?" என்று லூக்கா 6-ல் அவர் கேட்டது ராம்மோகன் ராயை நோக்கி இல்லை. சீடர்களை நோக்கி, ஆண்டவர் என்று அழைத்துக்கொண்டிருந்தவர்களை நோக்கி.

கடவுளுக்கு நல்லவராக இருப்பது கஷ்டமா என்று கேட்ட நண்பர் இயேசுவை ஆண்டவர் என்று அழைக்கிறதில்லை. ஆனால் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதிலும், கையில் இருப்பதைக் கொடுப்பதிலும், தன்னை ஏசினவர்களைப் பற்றித் தவறாகப் பேசாமல் இருப்பதிலும் என்னைவிடப் பல மடங்கு முன்னால் இருக்கிறார். அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மத்தேயு 25-ல் வலதுபக்கம் நிற்கிறவர்கள் "ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள். யாருக்குச் செய்தோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ராஜாவின் பதில், "மிகவும் சிறியவரான என் சகோதரராகிய இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்." பசித்தவனுக்குச் சோறு போடு என்று எந்தப் போதகரும் சொல்லலாம். அந்தப் பசித்தவனிடம் இருந்தது நான்தான், கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போகிறதும் நான்தான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறவரை நான் ஆண்டவர் என்கிறேன். என் நண்பருக்கு இந்த அதிகாரத்தை அனுப்பியிருக்கிறேன். அவர் வாசித்துவிட்டுப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.